விதியா, பழியா?

போன மாதம் திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவர் சந்நிதிக்கு ஒரு வாழைத்தார் எடுத்துக்கொண்டு போனோம். தாரைத் தோளில் சுமந்தவன் என் பேத்தியின் கணவன். மூன்று மாதக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பேத்தி முன்னால் ஏறினாள். எனக்கு 78 வயது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு, நின்று நின்று மூச்சு வாங்கி, நான் கடைசியாக ஏறினேன்.

நாங்கள் ஸ்ரீரங்கத்துக்காரர்கள். ரங்கன் வாசலைத் தவிர வேறு வாசல் மிதிக்காத வம்சம் என்று என் தாத்தா பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஆனால் பேத்தி வாழ்க்கைப்பட்ட வீடு சைவர் வீடு. நல்லபடியாகப் பிரசவம் ஆகிவிட்டால் தாயுமானவருக்கு வாழைத்தார் என்று அவள் மாமியார் வேண்டிக்கொண்டிருந்தாள். காவிரிக்கு இந்தப் பக்கம் எத்தனையோ குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக உள்ள வேண்டுதல் அது.

பாதிப் படியில் உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு பேத்தியைப் பார்த்து, "பிள்ளை பெத்து எழுந்திருக்கிறது பொம்பளைக்கு மறுபிறவி அம்மா, நல்லா இரு" என்று வாழ்த்தினாள்.

பேத்தி வணங்கிவிட்டு வந்தாள். நாலு படி ஏறியதும் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "தாத்தா, மறுபிறவின்னா முதல்ல ஒரு தரம் செத்துப்போயிருக்கணுமே? அதை ஏன் எல்லாரும் வாழ்த்து மாதிரி சொல்றா?"

எனக்குப் பதில் வரவில்லை. மூச்சு வாங்குவதுபோல் நின்றுவிட்டேன். அந்தக் கேள்விக்கு என்னால் முடிந்த பதிலைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

தாயுமானவர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரத்தினாவதி என்ற செட்டிப்பெண் நிறைமாதக் கர்ப்பிணி. துணைக்கு வரவேண்டிய தாய் பூம்புகாரிலிருந்து புறப்பட்டு வருகிறாள். காவிரியில் வெள்ளம். அக்கரையில் தாய், இக்கரையில் மகள். வலி கண்டுவிட்டது. மகள் ஈசனை அழைக்கிறாள். ஈசன் அந்தத் தாயின் உருவத்திலேயே வந்து நிற்கிறார். பிரசவம் பார்க்கிறார், குழந்தையைக் குளிப்பாட்டுகிறார், பத்தியம் வடிக்கிறார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோது வீட்டில் இரண்டு தாய்மார்கள் நிற்கிறார்கள். ஒருத்தி மறைந்துபோகிறாள். இந்தக் கதையைச் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்று கோயிலில் விழாவாக இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள்.

சிறு வயதில் இதைக் கேட்டபோது எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஈசன் நினைத்தால் வெள்ளத்தை வற்றச் செய்திருக்கலாமே? வலியையே இல்லாமல் பண்ணியிருக்கலாமே? அப்படியெல்லாம் அவர் செய்யவில்லை. கைகால் உள்ள ஒரு மனுஷியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இதன் பொருள் எனக்குப் புரிய அறுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

*

1957-ஆம் வருஷம், ஜனவரி மாதம். மார்கழி, ஸ்ரீரங்கத்தில் பகல்பத்து நடந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்பது வயது. என் சித்தி தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். இருபது வயது. என்னைவிடப் பதினொரு வயதுதான் மூத்தவள். எனக்குப் பல்லாங்குழி சொல்லிக்கொடுத்தவள்.

காலை பத்து மணிக்குக் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. சர்க்கரை வழங்கினார்கள். தாத்தா அரையர் சேவைக்கு அர்ஜுன மண்டபம் போய்விட்டார். அப்பாவும் உடன் போயிருந்தார். வீட்டில் பெண்களும் நானுந்தான். பிரசவம் பார்த்தவள் கொள்ளிடக் கரைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மருத்துவச்சி. எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் பிறந்தவர்கள். நானும் அவள் கையில் பிறந்தவன்தான்.

நான் கொல்லையில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தேன். பாட்டி உள்ளேயிருந்து துணிகளைச் சுருட்டிக் கொண்டுவந்து கிணற்றடியில் போட்டு அவசர அவசரமாக அலசினாள். தீட்டுத் துணி, ஆண்கள் கண்ணில் படக் கூடாது. ஒரு தரம் வந்தாள், மறுபடி வந்தாள், மூன்றாம் தரமும் வந்தாள். வாளித் தண்ணீர் சிவந்து, அதைக் கொட்டி, புதுத் தண்ணீர் இறைத்து, அதுவும் சிவந்தது. கிணற்றடியிலிருந்து வாழைப் பாத்திக்கு ஓடிய சிறு வாய்க்கால் முழுவதும் செந்நீராய் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பாட்டி நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இங்கே என்னடா பார்வை? போ அந்தப் பக்கம்!" என்று அதட்டினாள். நான் போய்விட்டேன்.

அறைக்குள்ளிருந்து சித்தியின் குரல் கேட்டது. "தாகமா இருக்கு, கொஞ்சம் தீர்த்தம் தாங்கோ" என்றாள். பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்று யாரோ சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். "உடம்பு எப்படி இருக்கு?" என்று அம்மா கேட்டதற்கு, "நேக்கு ஒண்ணுமில்லை அக்கா, தூக்கமா வரது" என்றாள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாள். அதனால் யாருக்கும் பயம் உண்டாகவில்லை.

பன்னிரண்டு மணிக்குமேல் ஒரே கலவரம். யாரோ ஓடிப்போய் ஜட்கா கொண்டுவந்தார்கள். திருச்சி ஆஸ்பத்திரிக்குக் காவிரியைத் தாண்டிப் போகவேண்டும். வண்டி பாலத்தில் ஏறுவதற்கு முன்னாலேயே திரும்பி வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே இரண்டு தீர்ப்புகள் சொல்லப்பட்டன. திண்ணையில் ஆண்கள் சொன்ன தீர்ப்பு: "விதி. பிரசவம்னாலே மறுபிறவிதானே? அவளுக்குப் பிறக்கப் பிராப்தமில்லை." சமையலறையில் பெண்கள் சொன்ன தீர்ப்பு: "அந்தக் கட்டையிலே போறவள் கை சரியில்லை." இரண்டு தீர்ப்புகளுக்கும் ஒன்றுக்கொன்று பகை என்று யாருக்கும் தோன்றவில்லை. விதி என்றால் மருத்துவச்சி மேல் ஏன் பழி? அவள் பிழை என்றால் விதியை ஏன் இழுக்க வேண்டும்? ஆனால் துக்க வீட்டில் தர்க்கம் யார் பார்க்கிறார்கள்!

அதற்குப் பிறகு அந்த மருத்துவச்சியை எங்கள் தெருவில் ஒருவரும் கூப்பிடவில்லை. சில வருஷங்கள் கழித்து அவளை ராஜகோபுரம் பக்கம் கீரை விற்கிறவளாகப் பார்த்தேன். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

என் அம்மா சாகும் தறுவாயில் ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "அன்னிக்குப் பதினொரு மணிக்கே அவள் சொன்னாடா. 'பெரியம்மா, உதிரம் நிக்கலை, வயிறு கல்லாட்டம் இறுகலை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாம்'னு பாட்டி காலைப் பிடிச்சுண்டா. 'ஆத்து மனுஷா கோயில்லேருந்து வரட்டும்'னு பாட்டி சொல்லிட்டா. ஒரு மணி நேரம் போயிடுத்து."

அதுவரையில் அம்மா இதை யாரிடமும் சொல்லவில்லை. மாமியாரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற மரியாதை. அந்த மரியாதைக்கு விலை கொடுத்தவள் கீரை விற்றுக்கொண்டிருந்தாள்.

*

அந்த இரண்டு மணி நேரத்தில் உள்ளே என்ன நடந்தது என்று பிற்காலத்தில் டாக்டர் நண்பர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொள்வதே ஒரு விதத்தில் திவசம் செய்வது போலத்தான் எனக்குப் பட்டது. வாசகர்களுக்கும், முக்கியமாகப் பெண்ணைப் பெற்றவர்களுக்கும், இது தெரிந்திருக்க வேண்டும்.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்குமேல் ரத்தம் போய்வருகிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடியும் பிரிந்தால், அது ஒட்டியிருந்த இடம் ஒரு திறந்த காயம். அங்கே அத்தனை ரத்தக் குழாய்களும் வாய் திறந்து நிற்கின்றன. அவற்றை மூடுவது எது? கர்ப்பப்பையின் தசைதான். தசைநார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கின்றன. குழாய்கள் அந்தப் பின்னலுக்கு நடுவே ஓடுகின்றன. தசை இறுகினால் ஆயிரம் விரல்கள் ஆயிரம் குழாய்களை நெரிப்பதுபோல ரத்தம் நின்றுவிடும். இறுகாமல் தளர்ந்து கிடந்தால் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். பிரசவத்துக்குப் பின் வரும் பெரிய உதிரப்போக்கில் பத்துக்கு ஏழு இந்தத் தளர்ச்சியால் வருவது. நஞ்சுக்கொடியில் ஒரு துண்டு உள்ளே தங்கிவிடுவது, பிரசவ வழியில் கிழிசல் ஏற்படுவது, ரத்தம் உறையாமற் போவது ஆகியவை மற்றக் காரணங்கள். "வயிறு கல்லாட்டம் இறுகலை" என்று அந்த எழுத்தறியாத மருத்துவச்சி சொன்னாளே, அதைவிடச் சரியாக எந்த டாக்டரும் சொல்லியிருக்க முடியாது.

இன்னொன்று. இளம் உடம்பு ரத்த நஷ்டத்தை வெகு நேரம் மறைத்துக் காட்டும். நாடி வேகமாகும், கைகால் சில்லிடும், தாகம் எடுக்கும், மயக்கம்போல் தூக்கம் வரும். ஆனால் பேச்சு நன்றாக இருக்கும். திடீரென்று ஒரு கட்டத்தில் எல்லாம் ஒரேயடியாகச் சரிந்துவிடும். சித்தி கேட்ட தண்ணீர், அவளுக்கு வந்த தூக்கம் இரண்டும் அவள் உடம்பு அடித்த மணிகள். நாங்கள் அவற்றைப் பத்தியம் என்றும் அசதி என்றும் எடுத்துக்கொண்டோம்.

இது யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. ரத்தசோகை உள்ளவள், இரட்டைப் பிள்ளை சுமந்தவள், வெகு நேரம் வலியெடுத்துத் துவண்டவள் ஆகியோருக்கு அபாயம் அதிகம் என்பது உண்மை. ஆனால் ஒரு குறையும் இல்லாத பெண்களுக்கும் எத்தனையோ பேருக்கு வருகிறது. ஆகவே ஒவ்வொரு பிரசவத்திலும் இது வரலாம் என்று எண்ணித் தயாராக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

*

அன்று பாட்டி அலசிய துணிகளைப் பற்றி நான் பல இரவு யோசித்திருக்கிறேன். பாட்டி கெட்டவள் இல்லை. பெண்ணின் மானத்தை மறைக்கிறோம் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் அவள் மறைத்தது கணக்கை. எவ்வளவு போயிற்று என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு சாட்சியும் மிஞ்சவில்லை, வாய்க்காலைப் பார்த்த என்னைத் தவிர.

துணிகள் அங்கேயே இருந்திருந்தால் மட்டும் தெரிந்திருக்குமா? கண்ணால் பார்த்து மதிப்பிடும் விஷயத்தில் படித்தவர்களும் ஏமாந்துதான் போகிறார்கள். கர்நாடகத்தில் பெல்காம் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் ஒரு சாதாரணமான பொருளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். பிரசவித்த பெண்ணின் அடியில் விரிக்கும் பிளாஸ்டிக் துணி. அதன் முனையில் அளவுக் கோடுகள் போட்ட ஒரு பை. ரத்தம் பையில் சேரும். கோட்டைப் பார்த்து அளவைச் சொல்லிவிடலாம். கண் மதிப்பீடு உண்மை அளவைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது என்று 2006-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் பெல்காம் ஜில்லாக் கிராமங்களில் 1,620 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவும் வெளிவந்தது. பிரசவமானவுடன் வாயில் போட்டுக்கொள்ளும் ஒரு மாத்திரையால் உதிரப்போக்கு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஊசி போட வசதியில்லாத இடத்தில் கிராம நர்சுகள் கொடுத்த மாத்திரை அது.

2023-இல் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, டான்சானியா ஆகிய நாலு நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவைப் படித்தபோது என் கை நடுங்கிற்று. வழக்கம்போல் கண்ணால் பார்த்த ஆஸ்பத்திரிகளில், அபாயமான உதிரப்போக்கு உள்ளவர்களில் 100-க்கு 51 பேரைத்தான் கண்டுபிடித்தார்கள். அளவுப் பை வைத்த இடங்களில் 93 பேர். கண்டுபிடித்தவுடன் வயிற்றைப் பிசைந்துவிடுவது, கர்ப்பப்பையை இறுக்கும் மருந்து, ரத்தப்போக்கைக் குறைக்கும் ஊசி, நரம்பில் திரவம், காரணத்தைத் தேடிப் பரிசோதிப்பது என்று எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே மூச்சில் செய்தார்கள். கடுமையான விளைவுகள் 100-க்கு 60 பங்கு குறைந்தன. புது மருந்து எதுவும் இல்லை. உள்ளதை, நேரத்தோடு செய்தார்கள்.

பாதிப் பேரை ஆஸ்பத்திரியிலேயே கண் தவறவிடுகிறதென்றால், கொல்லையில் துணி அலசிய பாட்டியை நான் எப்படிக் குற்றவாளி என்பேன்?

*

இங்கேதான் விஷயம் அறம் பற்றியதாகிறது. ஒரு மரணம் நேர்ந்தால் மனித மனம் இரண்டு வார்த்தைகளை நாடுகிறது. ஒன்று 'விதி', மற்றொன்று 'பழி'. விதி என்றால் யாரும் பொறுப்பில்லை. பழி என்றால் ஒருவர் மட்டும் பொறுப்பு, மற்றவர்களுக்கு விடுதலை. பார்வைக்கு எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டும் செய்யும் காரியம் ஒன்றே. விசாரணையை மூடிவிடுகின்றன. எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே நாளில் சொல்லப்பட்டதில் இனி எனக்கு ஆச்சரியமில்லை. அறைக்கு இரண்டு கதவு, இரண்டையும் சாத்தினார்கள்.

மூன்றாவது ஒரு வழி உண்டு. அது 'ஏன்?' என்று கேட்பது. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவன்மார் ஓர் அமெரிக்கப் பாதிரி வைத்தியரின் வீட்டுக் கதவைத் தட்டினார்களாம். அவருடைய மகள் ஐடா ஸ்கடர் அப்போது இளம்பெண். மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். மூவருமே, அன்னிய ஆடவர் வைத்தியம் பார்க்கக் கூடாது, நீ வா என்று அந்தப் பெண்ணை அழைத்தார்கள். அவளுக்கு வைத்தியம் தெரியாது. விடியும்போது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்தப் பெண் அதை விதி என்று விடவில்லை. அந்தக் கணவர்களைத் தூற்றிக்கொண்டும் இருக்கவில்லை. அமெரிக்கா போய் டாக்டராகித் திரும்பினாள். வேலூர் ஆஸ்பத்திரி அப்படித்தான் எழுந்தது.

தமிழ்நாட்டு அரசாங்கமும் இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியது என்பதை நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை. 1990களில் தொடங்கி, பிரசவத்தில் இறந்த ஒவ்வொரு தாயின் கதையையும் பதிவு செய்து, அவள் வீட்டுக்கே போய் உறவினரிடம் கேட்டு, எங்கே தாமதம், எதில் குறை என்று ஆராயும் வழக்கம் ஏற்பட்டது. 1994-இல் செரீன் தாடியஸ், டெபரா மேய்ன் என்ற இருவர் இந்தத் தாமதத்தை மூன்றாகப் பிரித்து எழுதினார்கள்: முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். எங்கள் வீட்டில் முதலாவது ஒரு மணி நேரத்தைத் தின்றது; இரண்டாவதில் ஜட்காவும் காவிரியும் மிச்சத்தைத் தின்றன; மூன்றாவதற்குச் சித்தி போய்ச் சேரவே இல்லை. 2018-20 கணக்கின்படி தமிழ்நாட்டில் லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார் இறந்தார்கள். இந்தியா முழுவதற்கும் 97. நூற்றுக்கு 99-க்குமேல் பிரசவங்கள் இங்கே ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. விதி அத்தனை சீக்கிரம் மனம் மாறிவிடுமா? மாறியது நாம்தான்.

'ஏன்?' என்று மட்டும் கேட்டால் யாருமே குற்றவாளி ஆகமாட்டார்களே, அலட்சியக்காரன் தப்பித்துவிடமாட்டானா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தெரிந்தே கைவிட்டவனைச் சட்டம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பெரும்பாலான இடங்களில் நடப்பது அதுவல்ல. தண்டனைக்குப் பயந்தவர்கள் உண்மையை மறைப்பார்கள். என் அம்மா மறைத்ததுபோல. உண்மை மறைந்தால் அடுத்த பெண்ணும் அதே இடத்தில் விழுவாள். பழி சுமத்துவதில் ஒரு திருப்தி இருக்கிறது. அதை விட்டுக்கொடுத்தால்தான் உண்மை வெளியே வரும். இந்தப் பேரத்தில் எது பெரிது என்று இறந்தவளைக் கேட்க முடிந்தால், அடுத்தவளைக் காப்பாற்றுங்கள் என்றுதான் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். இது என் ஊகந்தான். ஆனால் சித்தியை எனக்குத் தெரியும்.

பழி வேறு, பொறுப்பு வேறு என்றும் எனக்குத் தோன்றுகிறது. பழி இறந்தகாலத்தைப் பார்க்கிறது. ஒரு தலையைத் தேடுகிறது. பொறுப்பு வருங்காலத்தைப் பார்க்கிறது. எல்லாத் தலையிலும் கொஞ்சம் ஏறுகிறது. ஒன்பது வயதுப் பையன் வாய்க்காலைப் பார்த்துவிட்டு வாய்மூடிப் போனான். அவன் மேல் பழி இல்லை. ஆனால் பார்த்தவன் என்ற பொறுப்பு எழுபதை நெருங்கும் வருஷங்களாகியும் என்னை விடவில்லை. விடவும் வேண்டாம்.

'மறுபிறவி' என்ற சொல்லையும் இந்த நோக்கில் பார்க்கிறேன். அதில் பெண்ணின் துன்பத்துக்கு மரியாதை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பிரசவத்தில் சாவது இயல்பு, பிழைப்பது வரம் என்ற சம்மதமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. தாய்மையின் தியாகத்தைப் புகழ்ந்து புகழ்ந்தே நாம் அவளுக்குத் தரவேண்டியதைத் தராமல் இருந்துவிட்டோம். "பொறுத்துக்கோ" என்று பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தோம்; அவளும் உயிர் போகிற நேரத்தில் "நேக்கு ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

*

மூன்று மாதத்துக்கு முன் ஓர் இரவு. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். குழந்தை பிறந்துவிட்டது என்று செய்தி வந்தது. சர்க்கரை வாங்கப் பேத்தியின் கணவன் கிளம்பினான். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு நர்சின் குரல்: "முந்நூற்றைம்பது... இன்னும் ஏறுது டாக்டர்." அடுத்த கணம் நாலைந்து பேர் உள்ளே ஓடினார்கள். யாரும் கூச்சலிடவில்லை. யாரும் எங்களிடம் அனுமதி கேட்க வரவில்லை. யாரும் கோயிலிலிருந்து வரவேண்டியிருக்கவில்லை.

அரை மணியில் எல்லாம் அடங்கிற்று. பிறகு டாக்டரம்மா வெளியே வந்து நிதானமாக விளக்கினார். வெகு காலமாக 500 மில்லி லிட்டரைத்தான் எல்லையாக வைத்திருந்தார்களாம். நாடியும் ரத்த அழுத்தமும் தவறினால் 300-லேயே செயலில் இறங்க வேண்டும் என்று 2025-இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறதாம். கர்ப்பப்பையை இறுக்கும் மருந்தோடு இன்னோர் ஊசியும் போட்டார்கள். அதன் பெயர் டிரானெக்ஸாமிக் அமிலம்.

அந்த ஊசிக்கு ஒரு கதை உண்டு. ஜப்பானில் உடாகோ ஒகாமோடோ என்ற பெண்மணியும் அவர் கணவரும் 1962-இல் அதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆராய்ச்சிசாலையில் வேலை செய்தவர் அவர். பிரசவ உதிரப்போக்குக்குச் சோதித்துப் பாருங்கள் என்று டாக்டர்களை வேண்டினார், ஒருவரும் செவிசாய்க்கவில்லை. கடைசியில் 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் சோதனை நடந்தது. மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கால் சாகிறவர்களில் சுமார் மூன்றில் ஒருவரைக் காப்பாற்றலாம் என்று 2017-இல் முடிவு வெளிவந்தது. அந்த அம்மாள் 2016-இல், 98-ஆம் வயதில், காலமாகிவிட்டார். ஐம்பத்தைந்து வருஷம் மருந்து அலமாரியில் இருந்தது. 'ஏன்?' என்று கேட்க ஆள் வரக் காத்திருந்தது.

மறுநாள் பேத்தியின் கட்டில் தலைமாட்டில் ஒரு தாளைப் பார்த்தேன். நேரம் ஒரு பக்கம், அளவு ஒரு பக்கம், கொடுத்த மருந்து ஒரு பக்கம். நர்சின் அவசரக் கையெழுத்து. கண்ணில் நீர் நிறைந்து எழுத்து மறைந்துவிட்டது. எங்கள் கிணற்றடியில் ஓடிப்போன கணக்கு அந்தத் தாளில் இருந்தது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை. 2019-21-இல் எடுத்த கணக்கில் நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிக்குமேல் ரத்தசோகை உள்ளவர்கள். கையிருப்பு இல்லாதவளுக்குச் சிறு நஷ்டமும் பெரு நஷ்டம். வீட்டுக்கு வந்தபிறகும், சில வாரங்கள் கழித்துக்கூட, உதிரப்போக்கு வரலாம். ஒரு மணி நேரத்துக்குள் துணி முழுதும் நனைந்தால், கட்டி கட்டியாகப் போனால், தலை சுற்றினால், நாடி படபடத்தால், அது 'பச்சை உடம்பு' இல்லை, ஆபத்து. வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்; சொன்னால் கேட்கும் வீடாக நம் வீடு இருக்க வேண்டும். அவள் "ஒண்ணுமில்லை" என்றாலும் நாம் பார்க்க வேண்டும்.

*

மலைக்கோட்டையில் அர்ச்சகர் வாழைத்தாரை வாங்கிச் சுவாமி முன் வைத்தார். தீபாராதனை. என் தாத்தா இருந்திருந்தால் என்னை அங்கே பார்த்து என்ன சொல்லியிருப்பாரோ!

வெள்ளத்தை ஏன் வற்றச் செய்யவில்லை என்று சின்ன வயதில் கேட்டேனே, அதற்கு அங்கே நின்றபோது எனக்குப் பட்ட பதில் இது. வெள்ளம் வரும், வலியும் வரும். வேண்டியது, வரமுடியாத தாயின் இடத்தில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர். அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது. அது அவ்வளவு உயர்ந்த வேலையாக இருந்ததால்தான் கடவுளே அதைச் செய்ததாக இந்த ஊர் சொல்லிக்கொண்டது.

பேத்தியிடம் சொன்னேன்: "அந்தப் பாட்டியம்மா அவள் காலத்து வார்த்தையைச் சொன்னாள். உன் காலத்தில் அது மறுபிறவியாக இருக்க வேண்டாம் அம்மா. பிறவி ஒன்றே போதும். குழந்தைக்கு மட்டும் அது புதிதாக இருக்கட்டும்."

இறங்கி வரும்போது அடிவாரத்தில் ஒரு கிழவி கீரைக் கட்டுகளை அடுக்கி விற்றுக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த மருத்துவச்சியின் நினைவு வந்தது. அவள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாயிருக்கும். கடவுள் ஏற்றுக்கொண்ட வேலையை எங்கள் தெருவில் செய்துகொண்டிருந்தவள். பார்க்க வேண்டியதைப் பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொன்னவள். அவளிடம் மன்னிப்புக் கேட்க இப்போது வழியில்லை. இரண்டு கட்டுக் கீரை வாங்கிக்கொண்டு, சில்லறை வாங்காமல் வந்தேன்.